கோச்சின் பெயர் அட்டை

தொடர்ந்து ஐந்தாவது ஆட்டத்திலும் தோல்வி. ஆனாலும் அரங்க வாசலில் ஒருவர்கூடத் திட்டவில்லை. கோச் குரேபயாஷியின் பெயர் அட்டைக்காக ரசிகர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

அவர் ஒவ்வொருவர் முன்னும் இடுப்பு வரை வளைந்து, இரண்டு கையாலும் அட்டையை நீட்டினார். "முதல் தடவையா சந்திக்கிறோம். உங்க தயவு வேணும்."

"கோச், போன வாரமும் எங்கிட்ட இதையேதான் சொன்னீங்க," என்றார் மீன்கடை இஷிகாமி. "இதோட ஏழு அட்டை ஆச்சு. உக்காந்து சீட்டே ஆடலாம்."

வரிசை சிரித்தது. கோச்சும் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தார்.

கால்பந்து ஆடிய காலத்தில் வந்த பந்தையெல்லாம் நெற்றியால் முட்டியே ஊருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அந்தத் தலை மீன்கடைக்காரருக்கும் வளைந்தால் ஊர் உருகாமல் என்ன செய்யும்? பணிவு போல விலைபோகிற சரக்கு வேறு கிடையாது.

மாடி ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த கிளப் தலைவர் நிஷிவாக்கி, தேநீர்க் கிண்ணத்தை எதிரே நகர்த்தினார். அங்கே உட்கார்ந்திருந்தவள் கோச்சின் மனைவி சிசுரு.

"அவரை விட்டுடுங்க. உடம்புக்கு முடியல. அடுத்த சீசன் வேண்டாம்."

வேண்டாம் என்று ஆரம்பிக்கிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பது நிஷிவாக்கிக்கு அத்துபடி. "சம்பளத்தை ஏத்திடலாம்மா. சும்மா வந்து பெஞ்சுல உக்காந்தா போதும். ஆட்டத்தை உதவியாளருங்க பாத்துக்கறாங்க. இப்பவும் அப்படித்தானே?"

"சம்பளத்துக்காகச் சொல்லல."

"ஓட்டுநரோட கார்?"

"வேண்டாங்க. நான்தான் தினமும் கொண்டுவந்து விடறேன்."

கெட்டிக்காரி, விலையே சொல்லாமல் ஏற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் தலைவர். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காலைல எனக்கே ஒண்ணு நீட்டினாரும்மா. அவரை வேலைக்கு எடுத்ததே நான். முதல் சந்திப்புல மட்டும் குடுக்கறதை வச்சு ஊரையே மடக்கிட்டாரே, என்ன குறும்பு. உங்களுக்கும் ஒண்ணு கிடைச்சிருக்குமே?"

"இல்ல," என்றாள் சிசுரு. "எனக்கு இன்னும் குடுக்கல."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் சொன்னா கேப்பாரு. என் பேச்சை மட்டும்தான் கேப்பாரு," என்றாள்.

"அப்ப சரி. இப்ப மேல வருவாரு. நீங்களே கேளுங்க. உங்களைப் பாத்து 'வேண்டாம்'னு சொல்லட்டும், இந்த நிமிஷமே விட்டுடறேன்."

சிசுருவுக்குப் போன உயிர் வந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றாள்.

மிச்சமிருந்த அட்டைகளோடு உள்ளே வந்தார் குரேபயாஷி. அவளையே ஒரு கணம் பார்த்தார். முகம் மலர்ந்தது. இடுப்பு வரை வளைந்து, இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினார்.

"முதல் தடவையா சந்திக்கிறோம். உங்க தயவு வேணும்."