தட்டில் மிஞ்சிய ஜோடி

“நோர்மாக்கா, பதறாதீங்க. முதல்ல இது ஹமீது அண்ணன் சிலிப்பர்தானான்னு நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

துளசி டார்ச்சை அடித்துக் காட்டினாள். நோர்மா குனிந்து பார்த்தாள். நீல வார் போட்ட வெள்ளைச் செருப்பு, தீவில் பாதிப் பேர் போடுவதுதான். குதிகாலில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.

“நான் வச்ச பொட்டு இது,” என்றவள் அப்படியே படகு கட்டும் ஜெட்டியின் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

பினாங்கை ஒட்டிய அந்தச் சின்னத் தீவில், மலாய்க்காரரோ தமிழரோ, கடலுக்குப் போகிற பன்னிரண்டு பேருக்கும் ஒரே சட்டம். ஜெட்டியில் இருக்கும் செருப்புத் தட்டில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். கரை வந்ததும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு ஒரு ஜோடி மிஞ்சினாலும், வந்த களைப்பைப் பார்க்காமல் மற்றவர்கள் தேடக் கிளம்பிவிடுவார்கள்.

படகை எண்ணிப் புண்ணியமில்லை. காற்றடித்தால் ஆளுக்கொரு ஓடையில் கட்டிவிட்டு நடந்து வருவார்கள். போனும் உதவாது. உப்புத் தண்ணீருக்கு இரண்டு மூன்று போனைத் தாரை வார்த்த பிறகு யாரும் கடலுக்கு எடுத்துப் போவதில்லை. “மனுசன் பொய் சொல்லுவான், சிலிப்பர் சொல்லாது” என்பார் ஜெட்டித் தலைவர் ஜபருல்லா.

இந்த வாரம் தட்டைப் பார்க்கும் முறை துளசிக்கு. ஆறரைக்கு வந்து பார்த்தபோதே ஒரு ஜோடிதான் மிச்சம். அரை மணி நேரம் பொறுத்துவிட்டு மணியை அடித்தாள். ஐந்து படகுகள் சீறிக்கொண்டு போயின. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“ஜெயராஜ் எங்க, துளசி?” என்று கேட்டார் ஜபருல்லா. “அந்தப் பக்கத்து நீரோட்டம் உன் வீட்டுக்காரனுக்குத்தான் அத்துப்படி.”

“அவரு சிலிப்பர் தட்டுல இல்லண்ணே. மீனை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போயிருப்பாரு. சனிக்கிழமைன்னா ஜோர்ஜ் டவுன் பாசார்ல வித்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. இங்க இருந்திருந்தா முதல் ஆளா இறங்கியிருப்பாரு.”

சொல்லும்போதே துளசிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நல்ல வேளை, நம்ம வீட்டுச் செருப்பு இல்லை. பக்கத்தில் ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கும்போது இப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. நோர்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“காலையில சண்டை போட்டுட்டேன் துளசி. சம்பல்ல உப்பு ஜாஸ்தின்னாரு. அப்படின்னா நீங்களே அரைச்சுத் தின்னுங்கன்னு சொல்லிட்டேன். திரும்பிப் பார்க்காமப் போனாரு.”

“வந்துருவாருக்கா. நாளைக்கும் உங்க சம்பலைக் குறை சொல்லுவாரு, பாருங்க.”

“சொல்லட்டும். தினமும் சொல்லட்டும்.”

தூரத்தில் படகு விளக்குகள் அலையில் ஏறி ஏறி இறங்கின.

“என்னலா இங்க கூட்டம்? யாரைக் காணோம்?”

பின்னால் கொட்டாவியோடு ஒரு குரல். எல்லாரும் திரும்பினார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்துல் ஹமீது நின்றுகொண்டிருந்தார்.

நோர்மா எழுந்து போனாள். அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “உங்களைத்தான் காணோம்.”

“என்னையா? நான் நாலு மணிக்கே வந்துட்டேன். மழை கொட்டுச்சு, உடம்பு வேற அனலாக் கொதிச்சுச்சு. ஓடிப்போய்ச் சூராவுல அசர் தொழுகையை முடிச்சேன். பள்ளிவாசல் பின்னாடி அறையில சும்மா சாஞ்சேன், தூக்கம் அசத்திருச்சு.”

“நல்லாத் தூங்குனே போ,” என்றார் ஜபருல்லா. “ஊரே இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஜெட்டி முழுக்கச் சிரிப்பு. நோர்மா அழுதுகொண்டே சிரித்தாள். துளசிக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜபருல்லா ஹாரனை எடுத்து மூன்று முறை நீளமாக ஊதினார். ஆள் கிடைத்தாயிற்று, திரும்பி வாருங்கள் என்று அர்த்தம். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைப் பக்கம் திரும்பின.

“இந்தக் காத்துல இதுக்கு மேல அவங்க அங்க நிக்கக் கூடாது,” என்றவர் ஹமீதைப் பார்த்தார். “ரூல் ரூல்தான். சிலிப்பரை எடுக்க மறந்தவன் எல்லாருக்கும் கோழிச் சோறு போடணும்.”

“போட்டுட்டாப் போச்சு,” என்ற ஹமீது நெற்றியைச் சுருக்கினார். “ஆனா நான் மறக்கலியே.”

“இவ்வளவு அமர்க்களத்துக்கு அப்புறம் பேச்சைப் பாரு,” என்றாள் நோர்மா.

படகுகள் வந்து அணைந்தன. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. காற்று இன்னும் பலமாக அடித்தது. துளசி தட்டிலிருந்த சிவப்புப் பொட்டுச் செருப்பை எடுத்து வந்து ஹமீதின் முன்னால் வைத்தாள்.

“இந்தாங்கண்ணே, உங்க சொத்து. வெறுங்காலோட நிக்காம மாட்டுங்க.”

“வெறுங்காலா? மழையில அவசரமா மாட்டிக்கிட்டு ஓடுனேனேம்மா.”

துளசி டார்ச்சைக் கீழே திருப்பினாள். ஹமீதின் காலில் ஏற்கெனவே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. இடது செருப்பின் அறுந்த வாரில், அன்று காலை ஜெயராஜ் கடலுக்குக் கிளம்பும்போது அவள் தன் கையால் சுற்றிக் கட்டிக்கொடுத்த பச்சை வலை நூல்.