நாற்பத்திரண்டு தொட்டிகள்

மொட்டைமாடிச் சாவியை வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் தானே மடக்கிவிட்டார் பல் டாக்டர். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்கூட அவ்வளவு உருக்கமாக நின்றிருக்க மாட்டான்.

"பதினஞ்சு நாள் ஊர்ல இருக்க மாட்டோம் சார். என் வீட்டுக்காரிக்கு அந்தச் செடிங்கதான் உயிரு. நீங்கதான் தண்ணி ஊத்திப் பாத்துக்கணும்."

இரண்டாம் மாடியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். அத்தனை பேரையும் விட்டுவிட்டுக் கீழ்வீட்டு டாக்டர் தன்னைத் தேடி வந்திருக்கிறாரே!

"மறைக்கக் கூடாது டாக்டர். என் கைராசி அப்படி. நான் வளத்த கள்ளிச்செடியே காஞ்சு போச்சு."

"கேள்விப்பட்டேன் சார். அதுக்கு முன்னாடி மணி பிளான்ட்டும் போச்சாமே?"

"மூணு."

"அதனால என்ன? மனுஷனுக்கு மனுஷன் ஒரு வாய்ப்பு குடுக்க வேண்டாமா?" என்ற டாக்டர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார். அடேயப்பா, என்ன பெருந்தன்மை!

விஷயத்தைக் கேட்ட வாத்தியாரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அவருக்கு வேற ஆளே கிடைக்கலையா? பாவம் அந்தம்மா, திரும்பி வந்து சுள்ளி பொறுக்கப் போறாங்க!"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கூட இவள் அவரிடம் கேட்டதில்லை. அந்த நாற்பத்திரண்டு தொட்டிகளையும் பிழைக்க வைத்துக் காட்டாவிட்டால் இந்த வீட்டில் தனக்கு இனி மரியாதை கிடையாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மொட்டைமாடியில் குழாய் கிடையாது. கட்டடத்தில் லிப்டும் கிடையாது. வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு காலையில் எட்டு நடை, சாயங்காலம் எட்டு நடை. கீழ்வீட்டிலிருந்து தினமும் இதை எப்படித்தான் செய்கிறார்களோ என்று மூச்சு வாங்கிக்கொண்டே வியந்தார் வாத்தியார்.

தொட்டிக்குத் தொட்டி அகலம், ஆழம் அளந்து, எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணையே போட்டுவிட்டார். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. மைத்துனன் புது வீட்டுக்குக் குடிபோனதற்குக்கூட அவர் போகவில்லை.

"என் தம்பியை விட ரோஜாச்செடி ஒசத்தியாப் போச்சு, இல்ல?" என்று கேட்டுவிட்டு மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அதையும் அவர் மூன்றாம் நாள்தான் கவனித்தார்.

நடுவில் டாக்டர் போன் செய்தார். "செடியெல்லாம் எப்படி இருக்கு சார்?"

"ஒரு ரோஜா மட்டும் இலையெல்லாம் பழுக்குது டாக்டர்." குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார் வாத்தியார்.

"அடடா! விடுங்க சார், நம்ம கையில என்ன இருக்கு? ரொம்ப சிரமப்படாதீங்க. ரெண்டு மூணு நாள் மாடிப்பக்கமே போகலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

இப்படியும் ஒரு நல்ல மனுஷரா! வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்காகவாவது அந்த ரோஜாவைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று பழுத்த இலையைப் பறித்துக்கொண்டு நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரர் இலையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி இல்லாம சாவுற செடியை விட, தண்ணி ஜாஸ்தியாகிச் சாவுறதுதான் அதிகம் சார். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா ஊத்தாதீங்க, அவ்வளவுதான்."

வாத்தியார் அட்டவணையைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் நாற்பத்திரண்டு தொட்டிகளிலும் விரலை விட்டுப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் மண், வகுப்பில் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் ரோஜா பிழைத்துக்கொண்டது. மற்றவையும் போட்டி போட்டுக்கொண்டு துளிர்த்தன.

பதினாறாம் நாள் டாக்டரின் மனைவி மாடிக்கதவைத் திறந்தவள், "ஐயோ!" என்று அலறினாள். பின்னால் டாக்டரோடும் தன் மனைவியோடும் நின்ற வாத்தியார் பதறிப்போய் ரோஜாத் தொட்டியைத் தேடினார்.

"ஐயோ, நான் இருந்தப்பக்கூட இப்படிப் பூக்கலையே! ஏங்க, இங்க பாருங்களேன்! இனிமே தைரியமா இன்னும் இருபது தொட்டி வாங்கலாம்ங்க!"

வாத்தியாரின் மனைவி செடிகளைப் பார்த்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவாயில்லையே!" என்றாள். வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

டாக்டர் மட்டும் வாயே திறக்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார். சந்தோஷத்தில் மனுஷருக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

மறுநாள் காலை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வெளியே வந்தார். டாக்டர் படியேறி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் தண்ணீர் தளும்பும் வாளி, பனியனெல்லாம் வேர்வை.

"என்ன டாக்டர், நேத்து ஒரு வார்த்தைகூட சொல்லாமப் போயிட்டீங்க?" என்று பெருமை பொங்கக் கேட்டார் வாத்தியார்.

டாக்டர் வாளிகளைப் படியில் இறக்கி வைத்தார். மேலே இன்னும் ஏற வேண்டிய படிகளை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்து அழாக்குறையாகச் சொன்னார்:

"இப்படிப் பண்ணிட்டீங்களே சார்... உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்!"