ஸ்டார்ட் இமீடியட்லி

மதுரை தந்தி ஆபீஸ் கவுண்டரில் முத்திருளப்பன், கம்பி வழியே நீட்டப்பட்ட தாளைத் தலைநிமிராமல் வாசித்தார். விளாங்குடியிலிருந்து பம்பாயில் இருக்கும் ஞானசீலனுக்குத் தந்தி. ‘ஃபாதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.’

“அப்பா எப்ப தவறுனாக?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“யாரும் தவறல சார்.”

“அப்ப அந்த ‘ஸ்டார்ட்’ட எடுத்துருங்க. இங்கிலீஷ்காரனுக்குத்தான் அது கிளம்புறது. நம்ம ஆளுக தந்தியில அதப் பார்த்தா, உசுரு போயிருச்சுன்னு அழ ஆரம்பிச்சிருவாக.”

“தெரியும் சார். இருக்கட்டும்.”

முத்திருளப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“உசுரோட இருக்குற மனுசன இப்படியா சாகடிக்கிறது? பாவம் உங்க தம்பி, அம்புட்டுத் தூரத்துல இருந்து மாலையும் கையுமா வந்து நிப்பாரே!”

“தம்பி இல்ல சார். மகன்.”

முத்திருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், சலவைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தலை முழுக்க நரையோடு நின்றிருந்தார்.

“சௌக்கியமா இருக்கேன்னு வருசக்கணக்கா எழுதுறேன், வரமாட்டேங்கிறான். மாலையோடயாவது வரட்டும் சார்.”