மிலானோ வந்திருக்கிறார்

“மிலானோவா? அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!”

வீட்டுக்காரம்மா சிஞ்ஞோரா எர்மீனியா சங்கிலியைக் கழற்றிக் கதவை முழுசாகத் திறந்தாள். அதுவரை மூக்கு நுழையும் இடைவெளியில்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கதவில் ஒட்டியிருந்த அட்டை மட்டும் இறங்கி வரவில்லை: ‘தெற்கத்திக்காரர்களுக்கு வீடு கிடையாது.’

1962-ல் டொரினோ நகரத்தில் இந்த அட்டை இல்லாத வாசலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கார்த் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் இத்தாலியின் தென்கோடியிலிருந்து ரயிலேறி வரவும் வேண்டும். வந்தவன் எங்கே படுப்பான் என்பது மட்டும் ஊருக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

கொஸிமோ மிலானோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனான். இந்த வீடு கிடைத்தே ஆக வேண்டும். பெண்டாட்டியும் கைக்குழந்தையும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார்கள். அவன் இருப்பதோ, ஒரே கட்டிலை மூன்று ஷிஃப்ட்காரர்கள் மாறி மாறிச் சூடாக்கும் விடுதி.

மிலானோ என்பது அவன் ஊர் இல்லை, குடும்பப் பேர். வடக்கே இருக்கும் அந்த மகா நகரத்தை அவன் ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. எந்தக் காலத்திலோ ஒரு பாட்டன் துணி மூட்டையோடு அங்கிருந்து தென்கோடிக் கலாப்ரியாவுக்கு வந்தான்; ஊர்க்காரர்கள் ‘மிலானோக்காரன்’ என்றார்கள்; பேர் ஒட்டிக்கொண்டது. மிலானோவிலேயே கிடந்தவனை எவன் மிலானோ என்று கூப்பிடப் போகிறான்? ஊரை விட்டு வந்தவனுக்குத்தானே ஊர்ப்பேர்.

பட்டாளத்தில் இந்தப் பேரை நம்பி, மிலானோ பாணியில் சோறு கிளறச் சொல்லி அவனைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். அன்று பட்டாளமே பட்டினி. டொரினோவுக்கு வந்த பிறகுதான் பேருக்கு உருப்படியான உபயோகம் கிடைத்தது. பேரைச் சொன்னால் கதவு திறக்கும். வாயைத் திறந்தால் மூடிக்கொள்ளும். அதனால் டிராமில் வடக்கத்தியார் பேசுவதை ஒட்டுக்கேட்டு, சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியிடம் பேசிப் பழகியிருந்தான்.

“எங்க குடும்பப் பேரு டொரினோ,” என்றாள் சிஞ்ஞோரா, நாற்காலியைக் காட்டி. “பேர்லயே ஊர் இருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

“வேண்டவே வேண்டாம், சிஞ்ஞோரா.”

“நீங்க மிலானோ, நான் டொரினோ. நாகரிகமான ரெண்டு பேர் பேசினா வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க! அந்தத் தெக்கத்தி ஆளுங்க இருக்காங்களே... குளிக்கிற தொட்டியில மண்ணைக் கொட்டிக் கீரை போடுவாங்க. பால்கனியில தக்காளியப் பொளந்து, உப்பு தூவி, வெட்டின பக்கம் வெயிலப் பாக்கிற மாதிரி வரிசையா அடுக்குவாங்க. பனி விழறதுக்குள்ள எடுத்து உள்ள வைக்கணும் வேற. காட்டுமிராண்டித்தனம்!”

“கொடுமை,” என்றான் கொஸிமோ, பெற்ற தாயைக் காட்டிக்கொடுத்த குற்றத்தை எச்சிலோடு விழுங்கியபடி.

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல என்ன சமையல்?”

“மக்காச்சோளக் களி. மேலே வெண்ணெய்.”

“மிளகாய்?”

“அப்படின்னா?”

அந்த ஒரு பதிலுக்காகவே சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலடியிலிருந்து வீடு வரைக்கும் பெண்டாட்டி ஃபிலோமேனாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான்.

“வாயத் தொறக்காத, என்ன? எது கேட்டாலும் சிரி. அந்தம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, நம்ம பொட்டி தெருவுலதான் கெடக்கும்.”

“பிள்ள அழுவுதே?”

“அழுகைக்கு ஏதுட்டி ஊரு? அழட்டும்.”

குழந்தை அழுதது. மாடிப்படி ஏற ஏற அழுகையும் ஏறியது. மாடிக்கு மாடி கதவு திறந்து, யாராவது எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது மாடியில் சிஞ்ஞோரா எர்மீனியா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

“என்ன ஆச்சு குழந்தைக்கு?”

ஃபிலோமேனா சிரித்தாள். பெற்றவளுக்கு எவ்வளவு நேரம்தான் சிரிப்பு தாங்கும்?

“ரயில்ல ஒருத்தி பிள்ளைய உத்து உத்துப் பாத்தாம்மா!” என்று உடைந்துவிட்டாள். “அப்பலருந்து பாலு குடிக்க மாட்டேங்கா, கண்ணு மூட மாட்டேங்கா! நான் என்னத்தச் செய்ய?”

சுத்தமான கலாப்ரியாப் பேச்சு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காதது.

கொஸிமோ கீழே வைத்த பெட்டியை மறுபடியும் தூக்கிக்கொண்டான். இந்த மாதிரிக் கதவுகள் சாத்தப்படும் சத்தம் அவனுக்கு மனப்பாடம். இவ்வளவு நாள் கண்ணாடியிடம் பேசிய பேச்செல்லாம் வீண்.

சிஞ்ஞோராவின் முகம் இறுகியது. மேல்மாடியைப் பார்த்தாள், கீழ்மாடியைப் பார்த்தாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். பதறிப்போய் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள்.

அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் மூன்று தரம் அழுத்தினாள். பிறகு பேசினாள். அன்றைக்கு நாற்காலி காட்டிப் பேசிய குரல் அல்ல அது.

“ஏட்டி, பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு, இப்படி மரம் மாதிரி நிக்கியே! ஒரு தட்டுல தண்ணி கொண்டா, அந்த எண்ணெயும் எடு, சீக்கிரம்!”

ஃபிலோமேனா ஓடினாள். பெட்டியோடு நிலைப்படியில் உறைந்து நின்ற கொஸிமோவின் பக்கம் சிஞ்ஞோரா டொரினோ திரும்பினாள்.

“நீ என்னலே முழிக்க? கதவச் சாத்து, வடக்கத்தியான் எவனாவது பாத்துரப் போறான்!”