எழுத்தில்லாத பட்டன்

மதிய வெயில் தொடுதிரையில் விழுந்து எழுத்துகளை வெளிறச் செய்கிறது. பேச்சு போன அப்பாவுக்காக மகள் பைதான் மொழியில் நிரல் எழுதி உருவாக்கிய சின்ன விண்டோ அது. பட்டனைத் தொட்டால் கம்ப்யூட்டர் அவருக்காகப் பேசும். முதலில் 'தண்ணி', 'வலிக்குது', 'டிவிய நிறுத்து' என்று பட்டன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவர் தண்ணீர் கேட்கப் போய், விரல் வழுக்கி, ஓடாத டிவியை நிறுத்தச் சொல்வார். அப்போது இருவருக்கும் சிரிப்பு வந்தது. விரல் தடுமாறத் தடுமாற அவள் ஒவ்வொரு பட்டனாக எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெரிதாக்கினாள். இப்போது 'வலிக்குது' வரியையும் அழிக்கிறாள். கண் கலங்கவில்லை; கொட்டாவிதான் வருகிறது. நிரலை ஓட்டிப் பார்க்கிறாள். திரை முழுக்க ஒரே பட்டன், எழுத்தில்லாமல். "இதுல என்னப்பா போடட்டும்?" போர்வைக்குள்ளிருந்து அவர் கை ஊர்ந்து வந்து திரைமேல் சாய்கிறது. பேச்சு எதுவும் போடாத பட்டன் 'டிங்' என்று மணி மட்டும் அடிக்கிறது. தண்ணீரா, வலியா, தெரியவில்லை. "இங்கதான்பா இருக்கேன்," என்கிறாள். கை மெல்ல விலகுகிறது. அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போகிறாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே மறுபடியும் 'டிங்'. திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்: "இருக்கேன்பா." அதன்பின் மணி அடிக்கவில்லை. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்.