கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

எம்லின் பிரிச்சர்டின் வாழ்க்கையைச் சொல்லி முடித்தபோது மரியஅந்தோணியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வேல்ஸ் நாட்டில் கல் குவாரித் தொழிலாளியின் மகன். மூன்று வருடம் சபைப் போதகர். பிறகு பிரசங்க மேடையை விட்டு இறங்கி, கடலோரத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் தத்துவம் நடத்தியவர். பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டும் போகாதவர்.

ஜெபம் என்பது கடவுளிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதல்ல என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர்.

அந்த ஒரு வாக்கியத்தோடு மரியஅந்தோணி பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியிருந்தான். இப்போது வயது நாற்பத்தாறு.

விழுப்புரம் கல்லூரியின் கருத்தரங்க அறையில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, வைவா. அதற்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் பிரியாணிக்காக.

தேர்வாளர் வெங்கடாசலம் சென்னையிலிருந்து வந்தவர். ஆதாரமில்லாமல் ஒரு வார்த்தை பேசினாலும் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெயர். திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு வருடம். அதற்கு மரியஅந்தோணியின் உடம்பில் தெம்பில்லை. கௌரவ விரிவுரையாளர் வேலையும், திண்டிவனத்திலிருந்து தினமும் நின்றுகொண்டே வருகிற பஸ்ஸும் எல்லாவற்றையும் உறிஞ்சியிருந்தன.

“பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்,” என்றார் வெங்கடாசலம்.

அது ஒரு சடங்கு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி. வழக்கத்தில், நண்பர் ஒருவர் முன்பே பேசிவைத்த கேள்வியைக் கேட்டுவிட்டு உட்காருவார். இன்று அது புகழேந்தியின் வேலை. அவன் துண்டுச்சீட்டைப் பார்த்துக் கேட்டான். மரியஅந்தோணி பதில் சொன்னான்.

“போதும்ணே,” புகழேந்தி உட்கார்ந்துகொண்டே முணுமுணுத்தான். “உங்க வேல்ஸ்காரரு எதையும் கேக்காம இருந்துடுவாரு. எங்களுக்குப் பசிக்குது.”

முன்வரிசை சிரித்தது.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?”

கடைசி வரிசையில், கசங்கிய பட்டுப்புடவையோடு எழுந்து நின்றவள் அவன் மனைவி லூர்துசெல்வி. காலையில் அவனோடு ஒரே பஸ்ஸில் வந்தவள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவள்.

“கேளுங்கம்மா,” என்றார் வெங்கடாசலம்.

“கடவுள்கிட்ட எதையும் கேட்டு வாங்க முடியாதுன்னு எழுதிக்கினே இருந்தாரு இல்லீங்களா அவரு? அவரு பொண்ணு ஆஸ்பத்திரியில சாகக் கெடந்தப்போ, என்னா ஜெபம் பண்ணாரு?”

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அங்கிருந்த பலருக்கு மரியஅந்தோணியின் மகள் ரோஸ்லினைத் தெரியும். ஆறு வயதில் டெங்குவில் போனவள். ஐந்து வருடமாகிறது.

அந்த மூன்று நாளும் லூர்துசெல்வி ஆஸ்பத்திரித் தரையில் முழங்காலில் இருந்தாள். மரியஅந்தோணி தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: “நீங்க ஒரு வார்த்தயாவது கேட்டீங்களா?”

அவன் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. சமைத்தாள், சோறு போட்டாள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

வெங்கடாசலம் பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

சரியான பதில் மரியஅந்தோணிக்குத் தெரியும். ஒரே வரி. சொன்னால் தேர்வு முடிந்துவிடும், எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

“கேட்டாரு,” என்றான்.

அதுவரை பேசிய மேடைத் தமிழ் எங்கோ போயிருந்தது.

“புள்ளயக் குடுத்துடு, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்னு கேட்டாரு. மூணு நாளும் அத மட்டுந்தான் கேட்டாரு. செவுத்தப் பாத்து நின்னுக்கினு இருந்தாரா, யாருக்கும் தெரியல.”

“அப்புறம் ஏன் வீட்ல சொல்லல?”

“வெக்கம். கேக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தின ஆளு. கேட்டும் கெடைக்கல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்லுவாரு?”

லூர்துசெல்வி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். “இதுக்கு ஆதாரம்? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?”

“எதுலயும் இல்லீங்க சார்.”

புகழேந்தி கண்களை மூடிக்கொண்டான்.

வெங்கடாசலம் ஆய்வேட்டைப் புரட்டினார். ‘வாழ்வும் பணியும்’ என்ற இரண்டாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் நின்றார். விரலை ஒரு வரியின் மேல் வைத்தபடி நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தார். அப்புறம் மரியஅந்தோணியைப் பார்த்தார்.

ஏட்டை மூடினார்.

“எனக்கு வேற கேள்வி இல்ல,” என்று சொல்லிவிட்டு, அறிக்கையில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் விரல் வைத்திருந்த வரி இது: ‘பிரிச்சர்ட் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை, அவருக்குப் பிள்ளைகள் இல்லை.’

ஆய்வேடு முழுவதையும் தட்டச்சு செய்தவள் லூர்துசெல்வி.