நீலப் பிளாஸ்திரி

மாவு பிசையும் இயந்திரத்தின் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் வழுக்கி மகிமைதாஸின் கட்டைவிரல் கிழிந்தது. மாவில் விழுந்தாலும் கண்ணில் படட்டும் என்று அந்த பிஸ்கட் ஆலையில் நீலப் பிளாஸ்திரிதான் தருவார்கள். ஒட்டிக்கொண்டு வேலையை முடித்தவர், இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் விரலில் அது இல்லாததைக் கவனித்தார். தானே போய்ச் சொன்னார். எல்லோரும் மாவைப் பிய்த்துப் பிய்த்துத் தேடினார்கள்.

"கெடைக்கலேன்னா மாவு மொத்தமும் குப்பைக்குத்தான். உங்க வேலையும் போயிரும்ணே," என்றான் சூப்பர்வைசர்.

"இந்தா இருக்கு!" என்று கத்தினாள் பாக்கியம். கைதட்டல் எழுந்தது. சூப்பர்வைசர் அதை அலசி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிழியாமல் முழுசாக இருந்தது.

"வேற ஒண்ணு கெடைக்குமா தம்பி?" என்றார் மகிமைதாஸ்.

"எதுக்கு, அதையும் நாங்க தேடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, விரலில் சுற்றியிருந்த கரித்துணியைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.